பச்சை மூடி டப்பா

எனக்கு முன்னே பிறந்து எனக்கு முன்னே போயும்விட்ட என் லில்லி அக்காவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. நீ நலமாய்த்தான் இருப்பாய். கேஸை அடைத்தாயா, பூட்டை இழுத்துப் பார்த்தாயா என்று நச்சரிக்க அங்கே நான் இல்லையே. நான்தான் இங்கே நலமில்லை. உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு வருவதெல்லாம் நெஞ்சுக்குள் வருகிற வியாதி என்று நீதான் கேலி செய்வாய். அது இந்த மாதம் கொஞ்சம் முற்றியிருக்கிறது.

மழை விட்டபாடில்லை. திற்பரப்பு அருவியில் தண்ணீர் செம்மண் கலங்கலாக விழுகிறது, குளிக்க யாரையும் விடுவதில்லை. ஆள் வராததால் அருவிக்கரைக் கடைகளில் நான் செய்து கொடுக்கிற நம் மிட்டாய் போட்டது போட்டபடி கிடக்கிறது. பால் வெட்ட முடியாமல் ரப்பர் மரங்களும் சும்மா நிற்கின்றன. ஊரே சோம்பிக் கிடக்கிற இந்த நாளில் நான் மட்டும் கருப்பட்டிப் பாகைக் காய்ச்சித் தட்டில் ஊற்றிவிட்டு, அது இறுகுமா இறுகாதா என்று பார்த்துக்கொண்டே உனக்கு எழுதுகிறேன். இந்த ஈரத்தில் பாகு இறுகுவது எனக்கும் மழைக்கும் நடக்கிற சண்டை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் அபிக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். என்ன படிப்பு தெரியுமா? உணவுத் தொழில்நுட்பமாம். உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்க, சாப்பாட்டைப் பற்றியே படிக்கப் போகிறாளாம். உன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது.

சேருகிறாளா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும். அத்தான் மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். "ரோசே, பிள்ளைய வளக்கது நீ. ஒனக்கு மனசில்லன்னா வேண்டாம்னு சொல்லு, அவ போவமாட்டா. நான் ஒரு வார்த்த எதிர்த்துச் சொல்ல மாட்டேன், கேட்டியா" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் பார். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு முடிவை என் தலையில் கட்டிவிட்டார். அபியும் அப்படித்தான். "சித்தி சொன்னா போறேன், இல்லன்னா இஞ்சயே ஒரு காலேஜ்ல சேருகேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஒன்றும் பேசுவதில்லை. அழுது அடம்பிடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்லட்டும் அக்கா?

உனக்கு நினைவிருக்கும். அபி நடக்கப் பழகிய பருவத்தில், ஒரு கல்யாண வீட்டில், பாசத்தோடு யாரோ அவள் வாயில் ஒற்றை அண்டிப்பருப்பை வைத்தார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, குலசேகரம் ஆஸ்பத்திரிக்கு நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு போன கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முந்திரி இந்தப் பிள்ளைக்கு விஷம், மற்ற கொட்டைப் பருப்புகளும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது நீ அழவில்லை. நான்தான் அழுதேன். வேறெந்த ஊரில் பிறந்திருந்தாலும் பரவாயில்லை. பார்க்கிற பறம்பிலெல்லாம் கொல்லமாவு முந்திரி காய்த்து நிற்கிற ஊர். தெருவுக்குப் பாதிப் பெண்கள் அண்டி ஆபீசில் பருப்பு உடைத்துவிட்டு வருகிறவர்கள். பாயசத்திலிருந்து பிரியாணி வரைக்கும் அண்டிப்பருப்பு மிதக்காமல் ஒரு விருந்து உண்டா இங்கே?

கடைச் சாக்லேட் எதைத் திருப்பிப் பார்த்தாலும் பருப்பு கலந்திருக்கலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதனால்தான் நீ வீட்டிலேயே சாக்லேட் செய்ய ஆரம்பித்தாய். கருப்பட்டிப் பாகில் தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் விட்டுக் கிளறி, நெய்யில் வறுத்த தேங்காய்க் கொத்தைச் சேர்த்து, துண்டு போட்டு, சாக்லேட்டில் முக்கி எடுப்பாய். பல்லில் கடிபட ஏதாவது வேண்டுமே, பருப்பு இல்லாவிட்டால் என்ன, நம் தோப்பில் தேங்காய்க்கா பஞ்சம் என்றாய். அதைத் தின்று பார்த்தவர்கள் கல்யாணத்துக்குக் கேட்டார்கள், ஞானஸ்நானத்துக்குக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அண்டிப்பருப்பும் போட்டு வேண்டியிருந்தது.

அப்போது நீ ஒரு கோடு கிழித்தாய். உன் வீட்டுச் சமையலறையில் ஒரு பருப்பு கூட நுழையாது. பருப்பு மிட்டாயெல்லாம் எதிர்வீட்டில், என் அடுப்பில். உன் கரண்டி என் வீட்டுக்கு வராது, என் துணி உன் வீட்டுக்கு வராது. பருப்பு வறுத்த நாளில் நான் குளித்துச் சேலை மாற்றாமல் உன் படி ஏறக்கூடாது. ஊரில் நம்மைப் பார்த்து, அக்காவும் தங்கச்சியும் பேச்சுவார்த்தை இல்லாமல் அடுப்பைப் பிரித்துக்கொண்டார்கள் என்று கூடப் பேசினார்கள். நீ அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

நீ போனபிறகு அபி என் வீட்டுக்கு வந்தாள். வரும் முன்னே நான் என்ன செய்தேன் தெரியுமா? என் சமையலறைச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்தேன். உருளி, சட்டுவம், சல்லடை எல்லாவற்றையும் உன் வீட்டுக்குக் கடத்தினேன். உன் வீட்டிலிருந்ததை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அண்டிப்பருப்பு வறுபடுவது உன் அடுப்பில். நீ ஒரு பருப்பைக் கூட அண்டவிடாத அந்த அடுப்பில் நின்று பருப்பை நெய்யில் புரட்டும்போதெல்லாம் பின்னால் நீ வந்து நிற்பது போல எனக்கு முதுகு கூசும். ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்க அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் தீயைப் பற்ற வைக்கிறேன். என் வீட்டுக்காரர் சாம் இதைப் பார்த்துவிட்டு, "அடுப்புக்கிட்டயா பேசுத?" என்கிறார்.

உன் பச்சை மூடி டப்பாவையும் கொண்டுவந்தேன். எவர்சில்வர் டப்பா பழசுதான். மூடி போனபிறகு நீ எங்கிருந்தோ ஒரு பச்சைப் பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தினாயே, அதேதான். அதில் இருப்பது அபிக்கு. அதில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தின்னலாம். இது நீயும் நானும் அவளும் மட்டும் அறிந்த சட்டம். வேறு யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை வந்ததில்லை, ஏனென்றால் அந்த டப்பா ஒருநாளும் வீட்டுப் படி தாண்டியதில்லை.

தாண்ட வைத்தது நான்.

நீ எங்களை விட்டுப் போன அந்த வருடத்துக் கிறிஸ்மஸுக்கு நாங்கள் ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் செய்யவில்லை. தெருவில் உள்ளவர்கள்தான் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கேக்கும் கொண்டுவந்து நிறைத்தார்கள். அவர்கள் பாத்திரமெல்லாம் என்னிடம் தங்கிவிட்டது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம்தான் நமக்கு இல்லையே. ஒரு கை சீனியாவது போட்டுத்தானே கொடுப்போம். துக்க வீட்டில் சீனி போட்டுக் கொடுக்கவும் கை வரவில்லை. அதனால் போன கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் சேர்த்துவைத்துச் செய்தேன். அவரவர் பாத்திரத்தில் அவரவருக்கு நிறைத்து அனுப்பியும் பாத்திரம் போதவில்லை. கடைசியில் பகவதி அக்காவுக்குக் கொடுத்துவிட ஒன்றுமில்லாமல், கைக்குக் கிடைத்த பச்சை மூடி டப்பாவில் தேங்காய் மிட்டாயைப் போட்டு சாமிடம் கொடுத்துவிட்டேன். அது எந்த டப்பா என்று எனக்கு உறைக்கவே இல்லை. வேலை மும்முரம்.

பகவதி அக்காவை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருவிலேயே நம் கிறிஸ்மஸுக்கு முதலில் வாசலில் வந்து நிற்கிற ஆள். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அவள் வீட்டிலிருந்து வருகிற முந்திரிக்கொத்துக்கு அபி காத்துக்கிடப்பாள். பேரில்தானே முந்திரி, உள்ளே இருப்பது சிறுபயறும் கருப்பட்டியும். அபிக்குப் பருப்பு ஆகாது என்பது அவளுக்கும் நன்றாகத் தெரியும். தெரியாதது பச்சை மூடி மட்டும்தான்.

புத்தாண்டு கழிந்து அவள் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறுமனே கொண்டுவருவாளா? நம் மிட்டாய் ருசியில் சொக்கிப்போய், அதே போலக் கருப்பட்டிப் பாகு காய்ச்சி, எனக்கும் சாமுக்கும் பிடிக்கும் என்று அண்டிப்பருப்பைப் பொடியாக அரைத்துக் கலந்து, சாக்லேட்டில் முக்கி, நம்மைப் போலவே வெண்ணெய்த்தாளில் சுற்றி நிறைத்திருக்கிறாள். நான் உன் வீட்டில் பருப்பு வறுத்துக்கொண்டிருந்தேன். அபி டியூஷன் போயிருந்தாள். உள்ளே சாம் தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுக்களை ஜன்னலில் டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். வீட்டுக்குப் போனால் பசு கன்று போட நின்றது. அதோடு மறந்துவிட்டாள்.

நான் குளித்துச் சேலை மாற்றி வீட்டுக்கு வந்தேன். ஜன்னலில் பச்சை மூடியைப் பார்த்தேன். திறந்தால் நம் மிட்டாய். இது எப்போது யார் வைத்தது என்று ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா? பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். பச்சை மூடி என்றதும் என் மூளை படுத்துவிட்டது. அபி வந்து மேசையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். என் கையாலே ஒன்றைத் தாள் பிரித்துக் கொடுத்தேன்.

படித்துக்கொண்டே கடித்தாள். பிறகு மெல்லுவதை நிறுத்தினாள்.

"சித்தி, இதுல பருப்பு உண்டும்."

"இல்ல மக்கா, பச்ச மூடியில இருந்துதானே எடுத்தேன்."

"சித்தி. பருப்பு உண்டும்."

எழுந்து போய்த் துப்பினாள். வாய் கொப்பளித்தாள். திரும்பி வரும்போதே உதடு தடித்திருந்தது. குரல் கம்மியிருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேள். தலையில் கை வைத்துக்கொண்டு "கர்த்தரே, கர்த்தரே" என்று நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

"எனக்க செவப்புப் பைய எடுங்க. ஓடாண்டாம், தரை ஈரமாட்டு கெடக்கு, விழுந்திருவிய" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் இதற்கென்றே தந்து, போடவும் சொல்லிக் கொடுத்திருந்த ஊசியைத் தொடையில் தானே குத்திக்கொண்டாள். அதற்குள் சாமை எழுப்பி, ஆட்டோவை எடுக்கச் சொன்னதும் அவள்தான். மிட்டாயில் ஒன்றைத் தாளோடு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள், டாக்டரிடம் காட்டுவதற்காம். எனக்குச் செருப்பு போடக்கூடத் தோன்றவில்லை.

ஆட்டோவில் அவளுக்கு மூச்சு இழுத்தது. உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. என் மடியில் சாய்ந்திருந்தவள் என் கையை அழுத்தி, "சித்தி, மூச்சு விடுங்க" என்றாள். பார் அக்கா, மூச்சு முட்டுவது அவளுக்கு. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஊசி யாரு போட்டது?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள். "போடாம வந்திருந்தா கஷ்டம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

பகவதி அக்கா வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வெறும் டப்பாவ எப்பிடித் தருவேன் ரோசே? எனக்க கை வெளங்காம போவட்டு. பிள்ளைக்கு எத்தன நாளு சோறு போட்ட கை இது" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. என்னால் முடியவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. திட்ட வேண்டியது என்னைத்தானே. அதன்பிறகு அவள் நம் வாசல் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். தெருவில் கண்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வாரம் பொறுத்து அபி அவள் வீட்டுக்குப் போனாள். தனியே விடுவேனா? பின்னாலேயே போனேன். நேரே அடுக்களைக்குள் போய் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமி, முந்திரிக்கொத்து இருக்கா?"

பகவதி அக்கா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். "எனக்குப் பேடியா இருக்கு மக்கா" என்றாள், பயந்துபோய்.

"என்னெல்லாம் போட்டியன்னு சொல்லுங்க. நான் கேட்டுட்டுத் திங்கேன்."

"சிறுபயறு, கருப்பட்டி, தேங்கா, ஏலக்கா... மேல முக்க அரிசிமாவு, மஞ்சப்பொடி. வேற ஒண்ணுமில்ல, சாமி சத்தியமா ஒண்ணுமில்ல."

"எந்தச் சட்டியில பொரிச்சிய? அதுல பருப்பு வறுத்தியளா?"

"இல்ல பிள்ளே. இது தனிச் சட்டி."

வாங்கித் தின்றாள். ஒன்றல்ல, இரண்டு. பகவதி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஊசிப் பையோடு நின்றேன். அந்த இரண்டு முந்திரிக்கொத்து தொண்டையில் இறங்குவதற்குள் எனக்கு வயசு ஏறிவிட்டது.

இதைப் பார்த்து நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. அன்றிலிருந்து பயம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சர்ச் அசன விருந்தில் அவளை இலை போட்டு உட்கார விடவில்லை. கூடப் படிக்கிற கூட்டுக்காரி பிறந்தநாளுக்கு அனுப்பவில்லை. யார் வீட்டிலிருந்து என்ன வந்தாலும் அவள் கண்ணில் படும் முன்னே அப்புறப்படுத்தினேன். ஒருநாள் அபி, கோபமே இல்லாமல், துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அம்மெ இருந்தா என்ன விட்டிருப்பா, இல்லியா சித்தி?"

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். ஆமாம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?

ஆமாம்தான். எனக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு நீ என்ன கேட்டாய்? அவளை நன்றாகப் படிக்க வை என்று கேட்கவில்லை. நல்ல இடத்தில் கட்டிக்கொடு என்றும் கேட்கவில்லை. "அவளப் பேடிச்சுப் பேடிச்சு வளக்காண்டாம் ரோசே" என்றாய். எல்லாம் செய்தேன் அக்கா, அதை மட்டும் செய்யவில்லை. உனக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாய். எப்படிப் பயப்படாமல் இருப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே. உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிடுகிறேன்.

தட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பாகு ஓரத்தில் இறுகியிருக்கிறது, நடுவில் விரல் ஒட்டுகிறது. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இந்த மிட்டாய் யாருக்கு என்று உனக்குச் சொல்லவில்லையே. அபி கேட்டாள். நீ அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் டப்பா நிறைய மிட்டாய் கொண்டுபோய், வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்து, "எனக்க மவ உங்க டிபன்ல இருந்து தின்னமாட்டா. அவளுக்குப் பருப்பு ஆவாது. ஆனா அவ கொண்டு வாறத உங்களுக்குத் தருவா" என்று சொன்னாயாமே. அதை அவள் மறக்கவில்லை. விடுதியிலும் முதல் நாள் அப்படியே செய்யப்போகிறாளாம். "போனா அங்க குடுக்கேன். போவலன்னா நாமளே திம்போம். எப்பிடியும் மிட்டாய் வேஸ்ட் ஆவாது சித்தி" என்றாள். இப்படிப் பேசுகிற பிள்ளையிடம் என்ன சொல்வாய்?

நேற்று வராந்தாவில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தேங்காய் கீறிக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாதுதான், கேட்டேன். விடுதி வார்டனிடம் பேசுகிறாள். "மேடம், குருமாவுல முந்திரி அரைச்சு ஊத்துவாங்களா? எந்தெந்த நாள்? அன்னைக்கு எனக்குத் தயிர் சாதம் போதும். சமைக்கிறவங்ககிட்ட நானே ஒருதடவை பேசலாமா?" நம் பேச்சை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அந்த ஊர்த் தமிழில் பேசுகிறாள். அண்டிப்பருப்பு என்றால் அங்கே யாருக்கும் புரியாது, முந்திரி என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளக்கம் வேறு. சமையல்காரர் வடக்கத்தி ஆளாக இருந்தால் காஜு, கர்நாடகக்காரராக இருந்தால் கோடம்பி. எல்லாம் கேட்டுப் படித்துவைத்திருக்கிறாள். அந்த ஊரிலுள்ள ஆஸ்பத்திரி விடுதியிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்துக் கட்டில்காரிக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பது வரைக்கும் யோசித்திருக்கிறாள்.

நான் இத்தனை நாளும் அவளுக்கு முன்னால் ஓடி ஓடி வழியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடக்கிறாள். கேட்பது அவளுக்கு வெட்கமாக இல்லை. எனக்குத்தான் யாரிடமும் கேட்க வாய் வராது. பாத்திரத்தை மூடிக்கொண்டு வந்து கொடுக்கிறார்களே, உள்ளே என்ன என்று முகத்துக்கு நேராக எப்படிக் கேட்பது என்று நாம் இரண்டு பேருமே கூசித்தானே வளர்ந்தோம்?

இவ்வளவு தெரிந்தும் நேற்று அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. தெரிவது வேறு, நெஞ்சு சம்மதிப்பது வேறு.

எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனேன். இப்போதுதான் திரும்பி வந்து உட்காருகிறேன். கை இன்னும் சாக்லேட் மணக்கிறது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

பாகு இறுகிவிட்டது. மழையோடு போட்ட சண்டையில் நான்தான் ஜெயித்தேன். துண்டு போட்டேன். அபி சுடுதண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினாள். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் சாக்லேட் திரிந்துபோகும் என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். "சித்தி, கூர ஒழுகல. கீழ பாருங்க, கைய சுட்டுக்கிடுவிய" என்றாள். முக்கி எடுத்து, ஆறவைத்து, தாளில் சுற்றினோம். அவள் சுற்றியது என்னுடையதைவிட நேராக இருந்தது. உன் கை.

பச்சை மூடி டப்பாவைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். ஜனவரிக்குப் பிறகு அதை நான் வெளியே எடுத்ததே இல்லை. பரணில் ஏற்றியிருந்தேன். அவள்தான் இறக்கித் தரச் சொன்னாள். மிட்டாயை வரிசையாக அடுக்கி மூடியை அழுத்தினாள். அது டக்கென்று அடைகிற சத்தம் கேட்டதும் எனக்கு நீ அடைப்பது போலவே இருந்தது.

வாய் பழகிய பழக்கம் பார். யார் வீட்டுக்கு எந்தப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டாலும் நான் சொல்கிற ஒன்று உண்டே. அதைச் சொல்லப்போனேன்.

"டப்பாவ அங்க எங்கயும் போட்டுராத, கேட்டியா. லீவுக்கு வரும்போ பத்திரமாட்டு கொண்டு வரணும். வெறும் டப்பாவ..."

அதோடு நின்றுவிட்டேன். வெறும் டப்பாவைக் கொண்டுவராதே என்று நான் யாரிடம் சொல்கிறேன்? எதைப் போட்டு நிறைத்து வரச் சொல்கிறேன்? அபி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெறும் டப்பாவாட்டே கொண்டு வா மக்கா" என்றேன். "யாரு என்ன பாசத்தோட தந்தாலும் இதுல மட்டும் வாங்காண்டாம். வெறுமையாட்டு கொண்டு வா. நான் நெறச்சுத் தாறேன்."

அவள் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் போறேனா சித்தி?"

அப்போதுதான் அக்கா, நான் பதில் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. லீவுக்கு வரும்போது என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளும் அழாதவள். நானும் அழுதேன். எனக்கென்ன, அதற்கொரு சாக்கு கிடைத்தால் போதாதா?

இப்போது வராந்தாவில் நின்று கல்லூரிக்கு போன் செய்துகொண்டிருக்கிறாள். சாம் ரயில் டிக்கெட் பார்க்கிறார். பகவதி அக்காவுக்கு எப்படியோ சேதி போய், குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருக்கிறாள். கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வந்ததும், "என்ன கொண்டு வரட்டுன்னு பிள்ளைகிட்டக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்பாள், பார்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. போகவில்லை. அவள் ரயில் ஏறியதும் இன்னும் கூடும். விடுதியில் என்ன வைத்தார்கள், யார் கையால் வைத்தார்கள் என்று இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு வேளையும் நான் செத்துப் பிழைப்பேன். அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். அதை அவள் பெட்டிக்குள் வைத்து அனுப்பமாட்டேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். போனில் அவள் குரல் கேட்டதும் "என்ன தின்னா?" என்று ஆரம்பிக்கமாட்டேன். "சுகமா மக்கா?" என்றுதான் முதலில் கேட்பேன். அந்தப் பச்சை மூடி டப்பா எத்தனை தடவை வெறுமையாக வந்தாலும், என் கை ஓய்கிற வரைக்கும், நிறைத்து நிறைத்து அனுப்புவேன்.

உனக்கு என்றும் சின்னவள்,
உன் மகளுக்குச் சித்தி,
ரோஸ்லின்